மூன்றரை வயதுக் குழந்தைக்கு எதற்கு இன்டர்வியூ?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் மூன்று, நான்கு வயதுக் குழந்தை இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போன வாரம் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் தன் மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். அவளே என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவள்தான். "டீச்சர், இவனுக்கு ஒரு மாசம் டியூஷன் எடுங்க. எல்.கே.ஜி. இன்டர்வியூல வாயே தொறக்கல. ஏ பி சி டி எழுதல, கலர் சொல்லல, ஸ்லோவா இருக்கான்னு சொல்ட்டாங்க. ஜூனுக்குள்ள ரெடி பண்ணி கூட்டினு வாங்கன்னாங்க. இன்னா பண்றது?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. பையனுக்கு விரல் முட்டி சிவந்திருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும். கலர் தெரியாதாம்! அவன் தாத்தா பட்டுத்தறி நெய்கிறவர். ஆயா ராட்டையில் தார் சுற்றும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து அரக்கு, மாம்பழம், மயில் கழுத்து என்று கேட்கிற தாரை எடுத்துக் கொடுப்பான். மழை பெய்தால் தறிக்குழியில் ஈரம் ஏறும், தாத்தா நெய்ய மாட்டார், தாத்தாவுக்குக் கோபம் வரும் என்று எனக்குக் காரண காரியத்தோடு விளக்கியவன். அவன்தான் 'ஸ்லோ'. எதனால்? முன்பின் தெரியாத அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து யாரோ ஓர் அட்டையைக் காட்டி 'வாட் கலர் இஸ் திஸ்' என்று கேட்டபோது அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். அந்நியரைக் கண்டால் அம்மாவை ஒட்டிக்கொள்ளத் தெரிந்த குழந்தை ஆரோக்கியமான குழந்தை. அன்றைக்கு அந்த அறையில் ஃபெயில் ஆனவர்கள் பெரியவர்கள்தான்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் 1989-ல் மாநிலங்களவையில் பேசியதே குழந்தைகள் முதுகில் நாம் ஏற்றும் மூட்டையைப் பற்றித்தான். பிறகு மத்திய அரசு பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு போட்டது. 1993-ல் அந்தக் குழு கொடுத்த அறிக்கையில், நர்சரி சேர்க்கைக்கு டெஸ்ட், இன்டர்வியூ வைக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு முறைப்படி எழுத்தும் கணக்கும் திணிப்பதை வன்முறை என்றே அது சொல்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்டர்வியூ ஒழிந்ததா? பெயரை 'இன்டராக்‌ஷன்' என்று மாற்றிக்கொண்டார்கள்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சலித்துப் பார்க்கக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 50,000 ரூபாய் வரை அபராதம். 'அது 6 முதல் 14 வயது வரைக்கும்தான், எல்.கே.ஜி.க்குப் பொருந்தாது' என்று வாதாடுகிறார்கள். இருக்கட்டும். ஆறு வயதுப் பிள்ளையைச் சலிப்பது குற்றம், மூன்றரை வயதுப் பிள்ளையைச் சலிப்பது நியாயமா? சட்டத்தில் இடைவெளி இருந்தால் மனசாட்சியிலும் இடைவெளி இருக்க வேண்டுமா?

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மழலையர் வகுப்புக்குப் புத்தகப் பையே வேண்டாம் என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கை. நம் ஊரில் எல்.கே.ஜி. பிள்ளை பையும் சுமக்கிறது, நாலு பக்கம் வீட்டுப்பாடமும் எழுதுகிறது, சாயங்காலம் டியூஷனுக்கும் போகிறது.

எழுத வைத்தால் என்ன தப்பு என்பீர்கள். உங்கள் குழந்தையின் மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு அங்கே எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கும். மூன்று வயதில் அதில் பாதிகூட எலும்பாகி இருக்காது, குருத்தாகத்தான் இருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, வரிக்குள் எழுது என்று ஸ்கேலால் தட்டுகிறோம்.

நெசவு தெரிந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாவு பிணைக்காமல் யாராவது நாடாவை ஓட்டுவார்களா? ஓட்டினால் ஊடை எதில் போய் நிற்கும்? ஒரு சேலைக்குக் காட்டும் பொறுமையைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

முப்பத்துநாலு வருஷம் ஒன்றாம் வகுப்புக்கே அதிகம் பாடம் எடுத்தவள் நான். எழுத்தே தெரியாமல் வந்த குழந்தைகள் பொங்கலுக்குள் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பயந்து வந்த குழந்தைகளுக்குத்தான் வருஷம் முழுக்கப் பிடிக்கும். அதனால், பள்ளிக்குத் தயார் செய்ய வேண்டும் என்றால் இதையெல்லாம் செய்யுங்கள்:

1. 'ஒண்ணுக்கு வருது' என்று தயங்காமல் சொல்லப் பழக்குங்கள். தமிழில் சொன்னால் போதும். எலாஸ்டிக் வைத்த நிக்கர் போடுங்கள். பெல்ட்டும் கொக்கியும் குழந்தைக்குச் சிறை.

2. டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் வாங்கும்போது கடையிலேயே குழந்தை கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க முடியாததை வாங்காதீர்கள். மூடி திறக்காமல் பசியோடு திரும்பிவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

3. செல்போன் காட்டாமல் தானே சாப்பிடப் பழக்குங்கள். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

4. முதலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் அத்தை வீட்டிலோ பாட்டி வீட்டிலோ விட்டுப் பழக்குங்கள். சொல்லிவிட்டுப் போங்கள். ஏமாற்றிவிட்டு ஓடாதீர்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள். அம்மா வருவாள் என்ற நம்பிக்கைதான் முதல் பாடம்.

5. தன் பெயர், அம்மா அப்பா பெயர், தெருப் பெயர் தெரியட்டும். 'வலிக்குது', 'வேணாம்', 'அங்க தொடாதீங்க' என்று சத்தமாகச் சொல்லத் தெரியட்டும்.

6. கைக்கு வேலை கொடுங்கள். சப்பாத்தி மாவு உருட்டட்டும், மல்லாட்டை உரிக்கட்டும், மண்ணில் விளையாடட்டும். பென்சில் பிடிக்கும் பலம் அங்கேதான் வரும்.

7. தினமும் ஒரு கதை, உங்கள் வாயால். சீக்கிரம் தூக்கம்.

முக்கியமாக ஒன்று. 'அடம் பிடிச்சா ஸ்கூல்ல போட்டுடுவேன், மிஸ் அடிப்பாங்க' என்று சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். பள்ளிக்கூடத்தைப் போலீஸ் ஸ்டேஷன் ஆக்கி வைத்துவிட்டு, முதல் நாள் கேட்டில் அழுகிறானே என்று கேட்டால் எப்படி?

'நீங்க கவர்மென்ட் டீச்சர், அப்படித்தான் சொல்வீங்க. இங்கிலீஷ் இல்லாம பொழைக்க முடியுமா?' என்று கேட்பவர்களுக்கு: நான் இங்கிலீஷுக்கு எதிரி கிடையாது. என் மகனை நானும் இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்த்தேன். அவன் நாலு வயதில் தப்பாக எழுதியதற்கு அவன் கையில் அடித்தவளும் நான்தான். பள்ளியில் ஊரார் பிள்ளைகளிடம் பொறுமையாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து அடித்தேன். இன்றைக்கு அவனுக்கு அது ஞாபகம் இல்லை, எனக்கு இருக்கிறது. அந்த உரிமையில்தான் சொல்கிறேன்.

அரசையும் விட முடியாது. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஐ.சி.டி.எஸ். திட்டத்தால் தெருவுக்குத் தெரு அங்கன்வாடி வந்தது. பாட்டு, கதை, விளையாட்டு என்று இந்த வயதுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரே அம்மா எடை பார்க்கணும், சத்துமாவு கொடுக்கணும், பதிவேடு எழுதணும், வாக்காளர் பட்டியல் வேலையும் பார்க்கணும். பாட்டு எப்போது பாடுவார்? 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். 2022-ல் நிறுத்துகிறோம் என்றார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் தொடர்கிறோம் என்றார்கள். பெற்றவர்கள் எதை நம்பி அனுப்புவார்கள்? அரசு தடுமாறும் இடத்தில்தான் இன்டர்வியூ மேசை போடுகிறவர்கள் கடை விரிக்கிறார்கள்.

அந்தப் பெண்ணிடம் டியூஷன் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பையனைத் தினமும் சாயங்காலம் சும்மா அனுப்பு என்றேன். முதல் நாள் என் மேசையில் இருந்த பேனாவைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். பேனாவை எடுத்து உள்ளே வைத்தேன். களிமண் உருண்டை ஒன்றைக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து நேற்றுதான் பேசினான். "டீச்சராயா, இது தாரு" என்று களிமண்ணை உருட்டிக் காட்டினான்.

பெற்றோர்களே, இனி யாராவது உங்கள் குழந்தையை இன்டர்வியூ வைத்து வேண்டாம் என்றால், அழுதுகொண்டு வீட்டுக்கு வராதீர்கள். "என்ன காரணத்துக்காகச் சேர்க்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். சத்தம் போட வேண்டாம், மரியாதையாகவே கேளுங்கள். மூன்றரை வயதுக் குழந்தைக்கு எழுதத் தெரியவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க எந்தப் பள்ளி முன்வருகிறது, பார்ப்போம்.