என்ஜின் ஆயில்: பெயருக்கா விலை, தரத்துக்கா?

திருச்செங்கோட்டில் ஈரோடு சாலையிலும் சங்ககிரி சாலையிலும் பட்டறைகளுக்கும் உதிரிபாகக் கடைகளுக்கும் நடுவே என்ஜின் ஆயில் விளம்பரங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. சர்வோ, மேக், எச்.பி. எனப் பொதுத்துறைப் பெயர்கள் ஒருபுறம். காஸ்ட்ரால், ஷெல், கல்ஃப், வீடால் எனத் தனியார் பெயர்கள் மறுபுறம். இவை போதாவென்று லாரி தயாரிப்பு நிறுவனங்களும் தத்தம் பெயரில் ஆயில் விற்கின்றன. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் நாடெங்கும் அறியப்பட்ட ஊர் இது. பக்கத்திலுள்ள நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலின் தலைநகரங்கள். இவ்வட்டாரத்தில் என்ஜின் ஆயில் என்பது குடும்ப வரவுசெலவைத் தொடும் செய்தி.

எந்த ஆயில் நல்லது என்று கேட்டால் ஒவ்வோர் உரிமையாளரிடமும் உறுதியான பதில் உண்டு. பல ஆண்டுகள் இவ்வூர்க் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், லாரிக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்களிடம் இக்கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பதில்களில் உறுதி குறைந்ததே இல்லை. ஆனால் இரண்டு பதில்கள் ஒத்துப்போனதும் அரிது. ஒரு பொருளைப் பற்றி இத்தனை உறுதியும் இத்தனை முரண்பாடும் ஒருங்கே இருந்தால், அந்தச் சந்தையில் தகவல் சரியாக ஓடவில்லை என்று பொருளியல் படித்தவன் ஐயுறுவான். நம் பணம் ஆயிலின் தரத்துக்குப் போகிறதா, பெயருக்குப் போகிறதா?

முதலில், ஆயில் என்பது என்ன? கேனில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் மேல் அடிப்படை எண்ணெய். எஞ்சியது தேய்மானத்தைத் தடுக்கும், கசடைக் கரைத்து வைத்திருக்கும், அமிலத்தை முறிக்கும் வேதிக் கூட்டுப்பொருள்கள். அடிப்படை எண்ணெயை மணலி சுத்திகரிப்பு ஆலை போன்ற உள்நாட்டு ஆலைகள் தருகின்றன. பெரும்பகுதி தென் கொரியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. கூட்டுப்பொருள்களைப் பொறுத்தவரை உலகச் சந்தையின் பெரும்பகுதி லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், செவ்ரான் ஓரோனைட் ஆகிய நான்கு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. ஆக, ஒன்றோடொன்று போட்டியிடும் பல கேன்களின் உள்ளடக்கம் ஒரே சில ஊற்றுகளிலிருந்து வருவது. கலவையில் வேறுபாடு உண்டு. ஆனால் விளம்பரங்கள் காட்டும் அளவுக்கு அது பெரிதன்று.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் நுகர்வோர் இதழான 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நியூயார்க் நகரத்தின் 75 டாக்சிகளில் பல்வேறு நிறுவனங்களின் ஆயில்களை ஊற்றி, ஒவ்வொன்றையும் 60,000 மைல், அதாவது ஏறத்தாழ 96,000 கிலோமீட்டர் ஓட்டினார்கள். பின்பு என்ஜின்களைப் பிரித்துத் தேய்மானத்தை அளந்தார்கள். உரிய தரச் சான்று பெற்ற ஆயில்களுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அவை பெட்ரோல் என்ஜின்கள். நாளெல்லாம் ஓய்வின்றிச் சூடாகவே ஓடியவை. டீசல் லாரிக்கும் ரிக்குக்கும் அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. எனினும், பெயரை மறைத்துவிட்டுத் தேய்மானத்தை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது போன்ற சான்றுகள் அதிகமில்லை.

மேற்கண்ட முடிவில் 'உரிய தரச் சான்று பெற்ற' என்ற சொற்களே உயிரானவை. ஒரே தரத்துக்குள் பெயர் மாறினால் பெரிய வேறுபாடு இல்லை. தரமே மாறினால் வேறுபாடு மிகப் பெரிது. டீசல் ஆயிலின் தரத்தை அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. வகுத்த குறியீடுகள் சொல்கின்றன. சி.எஃப்-4 என்பது 1990-இல் வந்தது, சி.ஐ-4 என்பது 2002-இல் வந்தது, சி.கே-4 என்பது 2016 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 15டபிள்யு-40 என்று கேனில் பெரிதாக அச்சிடப்படுவது எண்ணெயின் பாகுநிலையை மட்டுமே குறிக்கும். அதில் உள்ள 'டபிள்யு' குளிர்காலத்தைக் குறிப்பது. ஒரே 15டபிள்யு-40 ஆயில் கால் நூற்றாண்டுக்கு முந்தைய தரத்திலும் கிடைக்கும், இன்றைய தரத்திலும் கிடைக்கும். கடையில் பெரும்பாலோர் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். சிலர் பாகுநிலையைச் சொல்கிறார்கள். தரக் குறியீட்டைச் சொல்லிக் கேட்பவர் குறைவு.

இது இன்று ஏன் அவசரமான செய்தி? 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.-6 புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த பெரும்பாலான கனரக லாரிகளின் புகைப்போக்கியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. ஆயில் எரியும்போது மிஞ்சும் சாம்பல் அந்த வடிகட்டியில் படிகிறது. கரி எரிந்து போகும், சாம்பல் போகாது. எனவேதான் சி.கே-4 போன்ற தரங்களில் சாம்பல் அளவுக்கு 1 விழுக்காடு என உச்சவரம்பு உண்டு. பழைய தர ஆயிலை இவ்வண்டியில் ஊற்றினால் என்ஜின் உடனே எந்தக் குறையும் காட்டாது. வடிகட்டி அடைபட்டு இழுவை குறையும் நாளில்தான் விளைவு தெரியும். அதற்குள் அந்த ஆயிலை ஊற்றியது மறந்து போயிருக்கும். முதலில் வாங்கப்பட்ட பி.எஸ்.-6 வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவாதக் காலத்தைக் கடந்து, நிறுவனப் பணிமனைகளிலிருந்து நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. இரண்டாம் கையாகவும் விற்கப்படுகின்றன. பழைய பழக்கமும் புதிய என்ஜினும் மோதும் காலம் இது.

பொருளியல் இங்கே ஒரு விளக்கம் தருகிறது. வாங்கும் முன்பே தரம் தெரியும் பொருள்கள், பயன்படுத்திய பின் தரம் தெரியும் பொருள்கள் என்ற பாகுபாட்டை பிலிப் நெல்சன் 1970-இல் முன்வைத்தார். பயன்படுத்திய பின்னும் தரம் தெரியாத மூன்றாவது வகை ஒன்று உண்டு என்று டார்பியும் கார்னியும் 1973-இல் எழுதினார்கள். மருத்துவரின் பரிந்துரையும் வாகனப் பழுதுபார்ப்பும் அவ்வகை. என்ஜின் ஆயிலும் அதுவே. ஓர் என்ஜின் ஆறு லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்றால், அது ஆயிலாலா, ஓட்டுநராலா, பாரத்தாலா, சாலையாலா என்று ஒரு வண்டி வைத்திருப்பவர் பிரித்தறிய வழியே இல்லை. வேறு ஆயில் ஊற்றியிருந்தால் எவ்வளவு ஓடியிருக்கும் என்பதையும் அவர் ஒருபோதும் காணப் போவதில்லை.

விரலில் தொட்டுப் பார்ப்பதும் நிறம் பார்ப்பதும் இந்த இடைவெளியை நிரப்பா. ஊற்றிய சில நாள்களில் கறுத்துவிட்டது, ஆகவே மட்டமான ஆயில் என்பது பரவலான நம்பிக்கை. டீசல் என்ஜினில் கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வது நல்ல ஆயிலின் வேலை. கறுக்காத ஆயில் அந்தக் கரியை என்ஜினுக்குள்ளேயே படியவிட்டிருக்கவும் கூடும்.

விளம்பரங்கள் சொல்லும் எரிபொருள் சேமிப்பையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லாரிக்கு ஒரு முறை 20 லிட்டர் ஆயில், 40,000 கிலோமீட்டருக்கு ஒரு மாற்றம், லிட்டருக்கு 4 கிலோமீட்டர், டீசல் விலை 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் 10,000 லிட்டர் டீசல், அதாவது 9 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் செலவாகிறது. லிட்டருக்கு 100 ரூபாய் கூடுதலான ஆயில் வாங்கினால் கூடுதல் செலவு 2,000 ரூபாய்தான். அந்த ஆயில் டீசலில் 1 விழுக்காடு மிச்சப்படுத்தினால் 9,200 ரூபாய் கிடைக்கும். கணக்கு கவர்ச்சியானது, விற்பனையாளர் பேச்சு எடுபடுவதும் இதனால்தான். ஆனால் பாரம், மேடு, ஓட்டுநரின் கால், டயர்க் காற்று ஆகியவற்றால் லாரியின் மைலேஜ் பயணத்துக்குப் பயணம் 1 விழுக்காட்டைவிடப் பன்மடங்கு மாறுகிறது. ஆகவே அந்த ஒரு விழுக்காடு உண்மையாக இருந்தாலும் உரிமையாளரின் கண்ணுக்குத் தெரியாது. பொய்யாக இருந்தாலும் தெரியாது. நூறு வண்டி வைத்திருக்கும் நிறுவனத்தால் இதைச் சரிபார்க்க முடியும். ஒரு வண்டிக்காரரால் முடியாது. தகவலும் ஒரு மூலதனமாகி, அது உள்ளவருக்கே மேலும் சேர்கிறது.

ரிக் உரிமையாளரின் நிலை இன்னும் கடினம். அவருடைய வண்டி ஓடும் தூரத்தைவிட நின்ற இடத்தில் உழைக்கும் நேரமே அதிகம். கம்ப்ரசரை இயக்கும் என்ஜின் வெயிலிலும் பாறைத் தூளிலும் மணிக்கணக்கில் முழுச் சுமையோடு ஓடுகிறது. எனவே ஆயிலைக் கிலோமீட்டர் பார்த்து மாற்ற முடியாது. மணிக்கணக்கு பார்த்தே மாற்ற வேண்டும். அங்கே ஆயிலின் பெயரைவிடக் காற்று வடிகட்டியின் தூய்மையே என்ஜினைக் காப்பாற்றும். மத்தியப் பிரதேசத்திலோ சத்தீஸ்கரிலோ ஏதோ ஒரு சிற்றூரில் வண்டி நிற்கும்போது, கிடைக்கும் கடையில் கிடைக்கும் ஆயிலைத்தான் வாங்க வேண்டும். அறிமுகமான பெயருக்கு அங்கே ஒரு நியாயமான மதிப்பு உண்டு: அந்நிய ஊரில் அது நம்பிக்கைக்கு ஓர் அடையாளம்.

ஆனால் எந்தப் பெயர் அதிகம் நம்பப்படுகிறதோ, அதுவே அதிகம் போலி செய்யப்படுகிறது. பழைய கேன்களில் மட்டமான எண்ணெயை நிரப்பி, முத்திரையிட்டு விற்ற கும்பல்கள் பிடிபட்ட செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வருகின்றன. தரம் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் காட்டினார். அதற்காக 2001-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு பழைய கார் சந்தை. நம் ஆயில் கடைக்கும் அது பொருந்துகிறது.

மெக்கானிக்கின் பரிந்துரையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக்கின் சொல் மதிப்புள்ளது. அதேவேளை, கேனுக்குள் கூப்பனும் பரிசுப் புள்ளியும் வைத்து அவரைத் தன் பக்கம் இழுப்பது இத்தொழிலில் வழக்கமான விற்பனை முறை. பணம் கொடுப்பவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் வேறொருவர் என்றால் தேர்வின் அளவுகோல் சற்றே சாயத்தான் செய்யும்.

எங்கள் பெயருள்ள ஆயிலை ஊற்றாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்ற அச்சமும் உலவுகிறது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டப்படி, இலவசமாகத் தந்தாலொழியக் குறிப்பிட்ட பெயரைக் கட்டாயமாக்க முடியாது. இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தபோது, வெளிப் பணிமனைக்குச் சென்றதற்காக ஒட்டுமொத்தமாக உத்தரவாதத்தை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்று கூறியது. மேல்முறையீடுகளுக்கு உள்ளான அந்த ஆணை கார்களைப் பற்றியது. லாரிக்கும் ரிக்குக்கும், குறிப்பாக ஆயிலுக்கும், இதே கொள்கை தெளிவான விதியாக வர வேண்டும். உரிய தரக் குறியீடும் வாங்கிய ரசீதும் இருந்தால் உத்தரவாதம் செல்லும் என்பதே நியாயம்.

செய்ய வேண்டியவை சில. முதலாவதாக, வாகனக் கையேட்டில் உள்ள தரக் குறியீட்டை உரிமையாளர் ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே ஒட்டி வைக்கலாம். செலவில்லாத இந்த ஒரு செயலே பாதிச் சிக்கலைத் தீர்க்கும். குறியீட்டுக்குப் 'பொருந்தும்' என்று கேனில் எழுதிக்கொள்வதற்கும் ஏ.பி.ஐ. உரிமம் பெற்றிருப்பதற்கும் வேறுபாடு உண்டு. உரிமம் பெற்றவற்றின் பட்டியலை இணையத்தில் எவரும் சரிபார்க்கலாம். காலியான கேனை முழுதாக விற்காமல் துளையிட்டு அழிப்பதும் நல்லது.

இரண்டாவதாக, திருச்செங்கோட்டுக்கு ஒரு பொது ஆயில் பரிசோதனைக் கூடம் தேவை. பயன்படுத்திய ஆயிலில் சிறிதளவு எடுத்துச் சோதித்தால் இரும்பு, செம்பு, சிலிக்கான் அளவுகள் தெரியும். சிலிக்கான் கூடினால் தூசி உள்ளே போகிறது. செம்பு கூடினால் பேரிங் தேய்கிறது. என்ஜின் உடைவதற்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கும். எந்த ஆயில் நன்றாக உழைக்கிறது என்பதற்கும் நம் ஊர் வண்டிகளிலிருந்தே சான்று திரளும். சிறு தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் குழும வளர்ச்சித் திட்டம் நிதி தருகிறது. ரிக், லாரி உரிமையாளர் சங்கங்கள் பொறியியல் கல்லூரி ஒன்றோடு சேர்ந்து இதற்கு முயலலாம். சங்கங்களே ஆயிலைப் பேரலாக மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், போலிக்கும் இடமிராது.

மூன்றாவதாக, பழைய ஆயிலைப் பற்றிய பொறுப்பு. 2024 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்திய எண்ணெயைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் கடமையை விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. நிலத்தடி நீரைத் தேடிச் செல்லும் வண்டிகளின் ஊர் இது. அவற்றின் கழிவு எண்ணெய் இவ்வூர் மண்ணுக்குள் இறங்காதிருக்க, பட்டறைகளிலிருந்து அதைச் சேகரிக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வர வேண்டும்.

ஆக, பெயர் மாறினால் வேறுபாடு தெரியுமா? தரம் ஒன்றாகவும் சரக்கு அசலாகவும் இருந்து, ஆயிலும் வடிகட்டியும் உரிய காலத்தில் மாற்றப்பட்டால் தெரியாது என்பதே என் முடிவு. இவற்றில் ஒன்று தவறினாலும் எந்தப் பெரிய பெயரும் என்ஜினைக் காப்பாற்றாது. கடன் வாங்கி ஒரே வண்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு என்ஜின்தான் சொத்து. அக்குடும்பத்துத் தலைவர் அடுத்த முறை கடையில் பெயரைக் கேட்பதற்கு முன் தரக் குறியீட்டைக் கேட்கட்டும். கேட்பவர் பெருகினால் விற்பவரும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.