கிழிந்தால் கிழியட்டும், புத்தகம் வீட்டுக்கு வரட்டும்

ஷேர் ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஊர்ப் பெயரை, இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி ஒருநாள் சத்தம் போட்டுப் படித்தாள்: "கேவில்பதாகை!" ஸ்டாண்டில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அவள் என் சட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பத்து நாள் எந்தப் போர்டையும் அவள் படிக்கவில்லை.

சிரித்தது தப்பு என்று இரவுதான் உறைத்தது. ஆறு எழுத்தில் ஐந்தைச் சரியாகப் படித்திருக்கிறாள். 'கோவில்பதாகை'யில் விட்டது ஒரு துணைக்கால். 'கோ' என்ற எழுத்தைப் பாருங்கள். இரட்டைக் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் 'க'. கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது 'க'வை. பிறகு கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ஓசையாக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெயர் ஒன்றிலேயே கொம்பு, கால், விலங்கு, புள்ளி, கடைசியில் 'கை'க்கு இணைக்கொம்பு என்று எல்லாம் வந்துவிடுகிறது. ஏழு வயதுக்கு இது லேசான வேலையா?

நான் வாத்தியார் இல்லை. ஆவடி ராணுவ உடுப்புத் தொழிற்சாலையில் (ஓ.சி.எஃப்.) தைத்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் யானைத் துதிக்கை போட்ட 'லை', 'னை' எழுதிப் பழகியவன். 1978இல் அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது எனக்கு இருபத்தொரு வயது. இன்றைக்கும் அவசரத்தில் பேனா பழைய துதிக்கையைப் போட்டுவிடும். "தாத்தா, இது என்ன எழுத்து?" என்று பேத்தி கேட்பாள். ஒரு எழுத்தை மறந்து இன்னொன்றைப் பழக எனக்கே பல வருஷம் ஆனது. அவளுக்கு மட்டும் ஒரே வருஷத்தில் வந்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

பேத்தியின் அண்ணன் கதை வேறு. அவன் ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியது 2020 ஜூனில். பள்ளி மூடியிருந்தது. ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. வகுப்பறைக்குள் அவன் முதல் முறை கால் வைத்தபோதே இரண்டாம் வகுப்பு. ஆனால் வீட்டில் பாடத்தைக் கடகடவென்று படிப்பான். எங்களுக்குப் பெருமை. ஒருநாள் பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்றேன். முழித்தான். மேலிருந்து விரலை ஓட்டி, மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்துதான் சொன்னான். அவன் எழுத்தைப் பார்க்கவே இல்லை, படத்தைப் பார்த்து ஒப்பித்திருக்கிறான். உங்கள் வீட்டிலும் ஒருமுறை இப்படி நடுவில் தொட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. 2022 ஜூன் 13ஆம் தேதி 'எண்ணும் எழுத்தும்' தொடங்கப்பட்டது, நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். வகுப்பு எதுவானாலும், பிள்ளை எவ்வளவு படிக்கிறதோ அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடுத்து 'வாசிப்பு இயக்கம்' வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி வைத்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் போட்டார்கள். நல்ல புத்தகங்கள், தாராளமாகப் படம், அளவான எழுத்து.

பிறகு எங்கே இடிக்கிறது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அப்படியே இருந்தாலும், 40 நிமிஷப் பாடவேளையில் ஒவ்வொரு பிள்ளையையும் வாய்விட்டுப் படிக்கவைத்தால் தலைக்கு ஒரு நிமிஷம் 20 விநாடி. டீச்சர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடிகாரத்தை நீட்ட முடியாது. வீட்டில் ஒருவர் 15 நிமிஷம் உட்கார்ந்து காது கொடுத்தால், அது வகுப்பில் பதினோரு நாள் கிடைக்கிற வாய்ப்புக்குச் சமம். சொல்லிக்கொடுப்பது பள்ளியின் வேலை. கேட்பது வீட்டின் வேலை. அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பிள்ளை தடங்கும்போது வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணத் தெரிந்தால் போதும்.

அந்தப் பத்து எண்ணுவதுதான் கஷ்டம். என் மகளுக்கு நான் எண்ணவில்லை. தொண்ணூறுகளில் ஷிஃப்ட் முடிந்து வந்து, அவள் 'ற'வுக்கும் 'ர'வுக்கும் தடுமாறினால் தலையில் குட்டுவேன். பாடப் புத்தகம் தவிர வேறு எந்தப் புத்தகத்தையும் இன்றுவரை அவள் தொட்டதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறாள், ஆவடியில் ரயில் இறங்கி வீடு வந்து சேர எட்டு மணி. கேட்கிற வேலை என்னிடம் வந்துவிட்டது. தாத்தாவோ பாட்டியோ இல்லாத வீட்டில் ஐந்தாம் வகுப்பு அக்கா கேட்கலாம். எழுத்து தெரியாத அம்மாவும் கேட்கலாம். "அப்புறம் அந்த நரி என்ன பண்ணுச்சு?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும்.

சரி, கேட்க ஆள் இருக்கிறது. படிக்கப் புத்தகம்? பாடப் புத்தகம் மனப்பாடமாகிவிட்டது. கதைப் புத்தகம் பள்ளியில் இருக்கிறது. ஒரு பள்ளியில் கேட்டபோது பீரோவைக் காட்டினார்கள். பூட்டியிருந்தது. "கிழிச்சிட்டா நான்தான் சார் பதில் சொல்லணும், ஸ்டாக் ரிஜிஸ்டர்ல கணக்கு இருக்கு" என்றார் டீச்சர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. புத்தகம் புதுசாக இருந்தால் தணிக்கையில் கேள்வி இல்லை, கிழிந்திருந்தால் கேள்வி என்றால் நானும் பூட்டத்தான் செய்வேன்.

நான் தையல் கற்றபோது முதலில் துணியைக் கையில் கொடுக்கவில்லை. நூல் கோக்காத மெஷினில், கோடு போட்ட காகிதத்தை வைத்து ஓட்டச் சொன்னார்கள். ஊசி கோட்டை விட்டு ஓடும், காகிதம் கிழியும். யாரும் திட்டவில்லை. அடுத்த காகிதத்தைக் கொடுத்தார்கள். பிறகு கட்பீஸில் தைத்துத் தைத்துப் பாழாக்கினோம். கற்றுக்கொள்கிறவன் கை கொஞ்சம் வீணாக்கும் என்பது எல்லாத் தொழிலிலும் கணக்கில் உண்டு. பள்ளிப் புத்தகத்துக்கு மட்டும் அந்தக் கணக்கு கிடையாதா?

ஆகவே என் கோரிக்கை சின்னது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் மாலையில் ஒரு கதைப் புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும். வருஷத்துக்கு இத்தனை புத்தகம் கிழியலாம், தொலையலாம் என்று கல்வித் துறையே ஓர் அளவு வைத்து எழுத்தில் ஆணை போடட்டும். அதற்குள் இருந்தால் ஆசிரியரிடம் விளக்கம் கேட்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் அடுத்த கூட்டத்தில் கழிப்பறையைப் பற்றிக் கேட்கும்போது, பீரோ சாவியையும் பற்றிக் கேட்கட்டும். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். கிளை நூலகத்தில் எட்டு வயதுக்குட்பட்டவர்கள் தரையில் உட்கார்ந்து படிக்க ஒரு பாயும் ஒரு கீழ்த்தட்டும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

போன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் போன் தானே கதையைப் படித்துச் சொல்லிவிடும். பிள்ளை தடங்குவதற்கு இடமே தராது.

பேத்திக்கு ஒரு நரிக் கதை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாளே ஏழாம் பக்கம் பாதியாகக் கிழிந்தது. பசை டேப் ஒட்டினோம், கோணலாக. ஒட்டும்போது எந்த வரி எந்த வரியோடு சேரும் என்று அவள்தான் எழுத்துக் கூட்டிப் பார்த்துச் சொன்னாள். புத்தகம் முழுக்க இன்னும் தடங்குகிறாள். அந்தப் பக்கத்தில் மட்டும் தடங்குவதில்லை.