கிண்டி எடுத்த துவக்குக்கு எந்தச் சட்டம்?

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு தோட்டக் காணி. போன வருடம் தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டியபோது, இரண்டடி ஆழத்தில் மண்வெட்டி இரும்பில் பட்டிருக்கிறது. பிடி உக்கிப்போன, மகசின் இல்லாத, குழாய் முழுக்க மண் அடைத்த ஒரு ரி-56. காணிக்காரர் அதைத் தொடாமல் மண்ணைப் போட்டு மூடிவிட்டு, கன்றை நாலடி தள்ளி வைத்தார். அறுபது தாண்டிய மனிதர். என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, இதைக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன கேஸ் போடுவாங்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மூன்று சட்டத்தரணிகளிடம் கேட்டேன். ஒருவர் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் என்றார். மற்றவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் விசாரணைக்குக் கூப்பிடவும் இடம் இருக்கிறது என்றார். மூன்றாமவர் அனுபவசாலி, சிரித்துவிட்டு, "தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் கேஸ் இல்லை. ஆனால் மிச்சம் எங்கே என்று கேட்பார்கள்" என்றார். ஒரே துவக்கு, மூன்று பதில். அன்றிலிருந்து இந்தச் சட்டங்களை எடுத்து வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். வாசிக்க வாசிக்க எரிச்சல்தான் கூடுகிறது.

இலங்கையின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம். பிரித்தானியர் காலத்தில் எழுதியது. வேட்டைத் துவக்கும் தோட்டக்காவலும்தான் அதன் உலகம். அனுமதிப்பத்திரம், வருடாவருடம் புதுப்பித்தல், கச்சேரிப் பதிவு என்றே அது போகிறது. எண்பது வருடம் கழித்து, 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தில்தான் போர்க்காலம் அதற்குள் நுழைந்தது. அந்தத் திருத்தம் இரண்டு வகையைத் தனியே பிரித்து எடுத்தது. ஒன்று தன்னியக்கத் துப்பாக்கி, மற்றது ரிப்பீட்டர் சொட்கன். இவை இரண்டோடும் அகப்பட்டால் ஆயுள் தண்டனை வரை போகும். பிணையும் இலேசில் கிடைக்காது. மற்றத் துவக்குகளுக்குத் தண்டனை அதைவிடக் குறைவு.

இங்கேதான் சிக்கல். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, முப்பது வருடம் பார்த்த சாமான்கள். என்றாலும் சொல்கிறேன். இடியன் துவக்குக்கு ஒவ்வொரு முறையும் மருந்து இடிக்க வேண்டும். ரிப்பீட்டருக்கு ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். அரைத் தன்னியக்கத்தில் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு சூடு. அடுத்த ரவையைத் துவக்கே ஏற்றிக்கொள்ளும். முழுத் தன்னியக்கத்தில் அழுத்திப் பிடித்தால் மகசின் முடியும்வரை போகும்.

சட்டத்தில் முதலாவதற்கு இடம் உண்டு, இரண்டாவதற்கும் நான்காவதற்கும் பெயர் சொல்லியே இடம் உண்டு. மூன்றாவதற்கு, அதாவது அரைத் தன்னியக்க ரைபிளுக்கு, தனி வகுப்பு ஒன்றை நான் அங்கே காணவில்லை. ஆகவே அதை மேல்பெட்டிக்குள் இழுத்துப் போடலாம், அல்லது பன்றி சுடும் துவக்கோடு கீழ்ப்பெட்டியில் போடலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மனிதனின் முழு ஆயுள்.

எஸ்.எல்.ஆர். ரைபிளை எடுத்துக்கொள்வோம். ரி-56 வருவதற்கு முன் இலங்கை இராணுவத்தின் கையில் இருந்தது அது. 1987இல் இந்திய இராணுவம் தோளில் போட்டுக்கொண்டு வந்ததும் அதுதான். 20 ரவை மகசின், ரி-56ஐவிடப் பாரமான 7.62 ரவை, பனைமரத்துக்குப் பின்னால் நின்றவனையும் விடாது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அது ஒற்றைச்சூட்டு ஆயுதம், அரைத் தன்னியக்கம். சட்டத்தின் சொல்லை அப்படியே வாசித்தால், கையால் இழுத்துச் சுடும் ஒரு ரிப்பீட்டர் சொட்கன் வைத்திருப்பவர் ஆயுள் தண்டனைப் பக்கம் நிற்கிறார், போர்க்களத்து எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர் எந்தப் பக்கம் என்பது வழக்குரைஞரின் வாதத்தைப் பொறுத்தது. எந்த ஆயுதம் எவ்வளவு ஆபத்தானது என்ற கணக்கில் இது எழுதப்படவில்லை. அந்தக் காலத்துக் கொள்ளைகளிலும் கொலைகளிலும் எது கண்ணில் பட்டதோ, அதன் பெயரை எழுதிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரி-56 என்ற பெயரே ஒரு குழப்பம். சீனாவில் 56 என்ற எண், 1956இல் ஏற்றுக்கொண்ட ஆயுதங்களுக்கு இட்டது. ஏகே-47இன் சீனப் பிரதியும் 56தான், எஸ்.கே.எஸ். என்ற அரைத் தன்னியக்கக் கார்பைனின் சீனப் பிரதியும் 56தான். இரண்டும் சுடுவது ஒரே ரவை. ஒன்றில் 30 ரவை மகசினும் தொடர்சூடும், மற்றதில் 10 ரவையும் ஒற்றைச்சூடும். பொலிஸ் அறிக்கையில் 'ரி-56 ரகத் துப்பாக்கி' என்று ஒரு வரி வந்துவிட்டால், வாசிப்பவர் எல்லோருக்கும் மனதில் வருவது முதலாவதுதான்.

நம்மூரில் கிடைப்பவை பெரும்பாலும் அந்த முதலாவதுதான் என்பதும் உண்மை. அதன் வலப்பக்க நெம்பை நடுவில் விட்டால் தொடர்சூடு, கீழே தள்ளினால் ஒற்றைச்சூடு. பதினாறு பதினேழு வருடம் மண்ணுக்குள் கிடந்து நெம்பும் விசையும் ஒன்றாய்த் துருவேறி இறுகிப்போன துவக்கு எந்த வகை? உற்பத்தியான நாளில் இருந்த வகையா, கண்டெடுத்த நாளில் இருக்கும் வகையா? இதற்கு விடை அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்தின் அறிக்கையில்தான் வர வேண்டும். அறிக்கை வரும்வரை சந்தேகநபர் விளக்கமறியலில் இருப்பார். அந்த அறிக்கைக்கு மாதக்கணக்கில் தவணை போன வழக்குகளை நீதிமன்ற வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன். கூண்டில் நிற்பவரின் மனைவி ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு பஸ் மாறி வந்து, திகதி கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்.

இது ஒரு சட்டம் மட்டும். இதற்குப் பக்கத்தில் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிற்கிறது. அனுமதியில்லாமல் சுடுகலன் சேகரிப்பது அதன் 2ஆம் பிரிவிலும் குற்றம். அந்தச் சட்டத்துக்குத் தன்னியக்கம், அரைத் தன்னியக்கம் என்ற வேறுபாடெல்லாம் தேவையில்லை. 2022 திருத்தத்துக்கு முன் 18 மாதம், இப்போது 12 மாதம்வரை தடுப்புக்காவல் உத்தரவில் வைத்திருக்கலாம். பொலிஸ் உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுக்கலாம். ஆகவே எங்கள் பகுதியில் ஒரு துவக்கின் வகையைத் தீர்மானிப்பது அதன் பொறிமுறை அல்ல. அது யாருடைய காணியில் கிடந்தது, அவர் முன்பு யார், புனர்வாழ்வு பெற்றவரா என்பவைதான் முதலில் பார்க்கப்படுகின்றன.

பயம் வீணான பயமும் இல்லை. 2014 மார்ச்சில் தருமபுரத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர்மீது சூடு நடந்ததாகச் சொல்லப்பட்டதைத் தொடர்ந்து, காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருந்த பாலேந்திரன் ஜெயக்குமாரி கைதானார். ஏறத்தாழ ஒரு வருடம் தடுப்பில் இருந்தார். அதை விசாரிக்கக் கிளிநொச்சிக்கு வந்த ருக்கி பெர்னாண்டோவும் அருட்தந்தை பிரவீனும் அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார்கள். ஒரு துவக்கைப் பற்றிய பேச்சு எத்தனை பேரை இழுத்துக்கொண்டு போகும் என்பதை வன்னி அந்த மாதம் பார்த்தது.

இனித் தெற்குப் பக்கம். 2025 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு: ஒரே இராணுவ முகாமிலிருந்து 73 ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகக் குழுக்களிடம் போயிருக்கின்றன, 38 மீட்கப்பட்டுள்ளன. மண்ணுக்குள் இருந்து அல்ல, எண்ணெய் பூசி, எண் குறித்து வைத்த களஞ்சியத்திலிருந்து. இதே ரி-56 எங்கள் எல்லைக் கிராமங்களில் ஊர்காவற்படைக்கும் கொடுக்கப்பட்டது. முதலில் சொட்கன், பிறகு இது. அதே துவக்கு ஒருவருக்குச் சம்பளத்தோடு வருகிறது, இன்னொருவருக்கு ஆயுள் தண்டனையோடு வருகிறது. பாதாள உலகச் சந்தேகநபர்களையும் இப்போது பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் வைக்கிறார்களே, இது சமத்துவம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். பிழையான சட்டம் இன்னும் நாலு பேர்மேல் பாய்வதைச் சமத்துவம் என்று என்னால் சொல்ல முடியாது.

வகைப்படுத்தலில் தடுமாறுவது இலங்கை மட்டுமல்ல. எங்கள் உறவுகள் நிறைந்திருக்கும் கனடாவில் ஏகே குடும்பத் துவக்குகள் 1990களிலிருந்தே தடை. ஆனால் அதே ரவையைச் சுடும் எஸ்.கே.எஸ். கடையில் விற்கக்கூடிய வேட்டைத் துவக்காகவே இருந்தது. 2020 மே மாதம் 1,500க்கும் மேற்பட்ட மாதிரிகளை ஒரே உத்தரவில் தடை செய்தபோதும் எஸ்.கே.எஸ். அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம், அரைத் தன்னியக்கத் துவக்கை இயந்திரத் துப்பாக்கிபோலச் சுட வைக்கும் 'பம்ப் ஸ்டொக்' என்ற இணைப்பு அதை இயந்திரத் துப்பாக்கியாக்காது என்று 6–3 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. முழுத் தர்க்கமும் விசை ஒரு தரம் இயங்குவது என்றால் என்ன என்பதில் நின்றது. நியூசிலாந்து, கிறைஸ்ட்சேர்ச்சில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, 2019 ஏப்ரலில் பெரும்பாலான அரைத் தன்னியக்கத் துவக்குகளை ஒரேயடியாகத் தடை செய்து, காசு கொடுத்துத் திருப்பி வாங்கியது. அங்கெல்லாம் மக்கள் கேட்பது, என் துவக்கை வைத்திருக்கலாமா என்று. எங்கள் காணிக்காரர் கேட்டது, இந்தத் துவக்கைக் கொடுத்துத் தொலைக்கலாமா என்று.

துவக்கு வைத்திருக்க விரும்பும் ஆட்களும் வன்னியில் இருக்கிறார்கள், அதையும் மறைக்கக் கூடாது. என் அம்மப்பாவிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு சொட்கன் இருந்ததாம். எண்பதுகளில் இயக்கங்கள் வீடு வீடாகத் துவக்குச் சேர்த்தபோது அதுவும் போனது. இன்று பன்றியும் குரங்கும் யானையும் வயலுக்குள் நிற்கின்றன. பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு கேட்டு விண்ணப்பித்து அலுத்துப்போனவர்கள், கட்டுத்துவக்கும் பன்றிவெடியும் வைக்கிறார்கள். காலை இழப்பது பன்றி மட்டுமல்ல, விறகுக்குப் போகிறவரும்தான். சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஒற்றைக் குழல் துவக்குக்கு வழி இறுகினால், சட்டமில்லாத துவக்குத்தான் காட்டுக்குள் பெருகும்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. அரைத் தன்னியக்க ரைபிள் எந்தப் பெட்டிக்குள் வருகிறது என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது கடுமையான பெட்டியாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. போர் ஆயுதம் ஒன்றும் எங்கள் பிள்ளைகள் கைக்கு வர வேண்டாம். ஆனால் கண்டெடுத்ததும் வைத்திருப்பதும் ஒன்றல்ல என்பதையும் அதே சட்டத்தில் எழுத வேண்டும். 2020 பெப்ரவரியில் ஒரு வாரப் பொதுமன்னிப்பு என்று அறிவித்தார்கள். மண்ணுக்குள் இருப்பது அந்த வாரம் பார்த்து வெளியே வருமா? மழை வரும்போதும் உழும்போதும்தான் வரும். கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களுக்கு ஒரு வெடிபொருளைப் பற்றிச் சொன்னால், அவர்கள் வந்து சிவப்புத் தடியை நட்டு, வேலையை முடித்துவிட்டுப் போகிறார்கள்; சொன்னவரின் பழைய கதையைக் கேட்பதில்லை. துவக்குக்கும் அப்படி ஒரு வழி ஏன் இருக்கக் கூடாது? கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ சொல்ல, அங்கே ஒரு துண்டு எழுதித் தர, அந்தத் துண்டு நீதிமன்றத்தில் செல்லுபடியாக இருந்தால் போதும்.

கடந்த மாதம் அந்தக் காணிப் பக்கம் போனேன். தென்னங்கன்று பிடித்துவிட்டது. துவக்குக் கிடக்கும் இடத்தில் பனையோலை போட்டு, மேலே இரண்டு கல் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் அங்கே விளையாடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். ஏன் என்று கேட்டால், பாம்புப் புற்று என்கிறார்.