கேக் யாருக்காகக் காத்திருக்கிறது?

அழைப்பில் மாலை 6 மணி என்றுதான் இருக்கும். சொன்னபடி 6 மணிக்கு வந்து நிற்கும் குடும்பம் ஏதாவது இருந்தால், அது அந்தக் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்தது என்று கொள்ளலாம். மற்றவர்கள் ஏழரைக்கு மேல்தான் வருவார்கள். சர்ச்கேட்டில் லோக்கல் ரயிலைப் பிடிக்கும் அப்பா போரிவலியில் இறங்கி, ஆட்டோவுக்கு நின்று, வீடு வந்து சேர எட்டாகிவிடும். அப்போதும் கேக்கை வெட்ட முடியாது. தானேயிலிருந்து பெரியப்பா கிளம்பிவிட்டாராம், வழியில் டிராஃபிக்காம். எட்டே முக்காலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப்படும்போது விழா நாயகனின் நிலைமை இது: வயது 2. மதியம் தூங்கவில்லை. ஜரிகை வைத்த ஷெர்வானி கழுத்தில் குத்துகிறது. திடீரென்று விளக்கை அணைத்துவிட்டார்கள். இருட்டில் நாற்பது பேர் ஒரே குரலில் பாடிக் கை தட்டுகிறார்கள். அவன் வீறிட்டு அலறுகிறான். செல்போன்கள் அதையும் விடாமல் படம் பிடிக்கின்றன.

இது மும்பைக்கு மட்டும் உரிய காட்சி அல்ல. தில்லியிலும் அகமதாபாத்திலும் பெங்களூரிலும் ரயிலும் பெரியப்பாவும் மாறலாம், அழுகை மாறுவதில்லை.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பலர் வீட்டை விட்டு வெளியேறிவிட்டார்கள். மால்களில் உள்ள விளையாட்டுக் கூடங்களும் பார்ட்டி ஹால்களும் தலைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் போட்டுத் தருகின்றன. தோரணம், கேக், கரடி வேஷம் போட்ட ஆள், கடைசியில் தரையைப் பெருக்குவது வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் நேரமும் அவர்களுடையது. அடுத்த குடும்பம் பலூன்களோடு வாசலில் காத்திருக்கும். வீட்டில் செய்வதன் ஒரே பெரிய லாபம் இங்கேதான் இருக்கிறது. குழந்தைக்குப் பழகிய இடம், பழகிய வாசனை, பயந்தால் ஒளிந்துகொள்ளப் பக்கத்து அறையில் சொந்தக் கட்டில். எல்லாவற்றுக்கும் மேலாக, கடிகாரம் நம் கையில். அந்தக் கடிகாரத்தைத்தான் பெரியவர்களின் வசதிக்குத் திருப்பிவைத்து, வீட்டு விழாவைக் கல்யாண ரிசப்ஷனாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்று முதல் 2 வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை, 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். பகல் தூக்கமும் இதில் அடக்கம். மதியத் தூக்கத்தைக் கெடுத்து, இரவுத் தூக்கத்தையும் பத்தரைக்குத் தள்ளிவிட்டு, குழந்தை சிரிக்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை. கூட்டமாகச் சேர்ந்து விளையாடும் என்று எதிர்பார்ப்பதும் அப்படித்தான். சிறு குழந்தைகள் முதலில் ஒன்றோடொன்று விளையாடுவதில்லை, ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று உட்கார்ந்து தனித்தனியே விளையாடுகின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932லேயே எழுதிவைத்தார். மியூசிக்கல் சேர் விளையாட்டில் நாற்காலி இழந்த 2 வயதுக் குழந்தைக்குத் தான் தோற்றது புரியாது. உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுப்பிவிட்டார்கள் என்பது மட்டும்தான் புரியும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை. அல்லது மதியத் தூக்கம் முடிந்தபின் 4 மணி. ஒன்றரை மணி நேரம் போதும். முதல் அரை மணிக்குள் கேக்கை வெட்டிவிட வேண்டும், யார் வந்தாலும் வராவிட்டாலும். மும்பையிலும் அகமதாபாத்திலும் இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. சூரியன் மறைந்தபின் சாப்பிடாத ஜெயின் குடும்பங்கள் இரவுப் பார்ட்டிக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போகும் சங்கடம் இல்லை.

பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பது உண்மையான பயம்தான். அலுவலக நண்பர்கள், ஹவுசிங் சொசைட்டியில் நான்கு மாடிக்காரர்கள், இரண்டு பக்கத்துச் சொந்தங்கள் என்று பட்டியல் போட்டால் அறுபதைத் தாண்டும். குழந்தைக்குத் தெரிந்த முகங்கள் அதில் பத்துகூட இருக்காது. இதற்கு ஒரே வழி இரண்டையும் பிரித்துவிடுவது. பெரியவர்களுக்கு வேறொரு நாள் சாப்பாடு போடலாம். குழந்தையின் பார்ட்டிக்குக் குழந்தையின் வயதோடு ஒன்றிரண்டைக் கூட்டி, அத்தனை குழந்தைகள், கூடவே அவர்களின் தாயோ தகப்பனோ.

அந்தச் சிறிய பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு பெயர் உண்டு. ஐந்து மணிக்கு வேலை முடித்துப் போக வேண்டிய வீட்டு வேலைக்காரப் பெண் அன்று பத்து மணி வரை தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறார். பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவருடைய 4 வயது மகளும் வந்து சமையலறை வாசலில் நின்று பலூன்களைப் பார்க்கிறாள். விழா நாயகனுக்கு அந்தக் கட்டடத்திலேயே நன்றாகத் தெரிந்த சிநேகிதி அவள்தான். கடைசியில் மீந்த கேக்கைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதில் யாருக்கும் கஞ்சத்தனம் இல்லை. கேக் வெட்டும்போது மேஜைப் பக்கத்தில் அவளை நிறுத்த வேண்டும் என்றுதான் தோன்றுவதில்லை. இரண்டு வயதுக்காரனுக்குத் தோன்றும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவான், யாராவது தடுத்தால்தான் உண்டு.

வட இந்திய வீடுகளில் கேக்குக்கு அடுத்த பெரிய சடங்கு 'கோயி பேக்'. கோயி என்றால் நெல் பொரி. பொரியும் மிட்டாயும் சின்னச் சின்ன பொம்மைகளும் நிரப்பிய ஒரு பெரிய பையை மின்விசிறியிலோ கூரைக் கொக்கியிலோ தொங்கவிட்டு, குச்சியால் குத்தி உடைப்பார்கள். கொட்டுவதைக் குழந்தைகள் பாய்ந்து பொறுக்க வேண்டும். பொரி பெயரளவில்தான் மிஞ்சியிருக்கிறது. பல பைகளில் இப்போது மினுமினுப்புத் துகளும் பிளாஸ்டிக் விசிலும்தான். எட்டு வயதுப் பையன்களுக்கு இது சொர்க்கம். அதே தரையில் 2 வயதுக் குழந்தை இருந்தால் அது அண்ணன்மார்களின் முழங்காலுக்கு அடியில் இருக்கும். கையில் மிட்டாய் கிடைத்தாலும் ஆபத்துதான். கெட்டி மிட்டாய், முழு நிலக்கடலை, பாப்கார்ன், நறுக்காத திராட்சை இவையெல்லாம் 4 வயதுக்கு உட்பட்டவர்களின் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை என்று குழந்தை மருத்துவர்கள் அலுக்காமல் சொல்லிவருகிறார்கள். பையை விட மனமில்லாதவர்கள் பெரிய பொம்மைகளாகப் போட்டு, தரையில் ஜமுக்காளம் விரித்து, சின்னவர்களுக்கு முதல் முறை, பெரியவர்களுக்கு இரண்டாம் முறை என்று உடைக்கலாம். கையில் ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்துவிட்டால் அடிதடி பாதி குறையும்.

பலூன் இன்னும் மோசம். வெடித்த பலூனின் கிழிசலை வாயில் வைத்து இழுத்துப் பார்க்காத குழந்தை கிடையாது. 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூச்சடைப்பு அபாயம் என்ற எச்சரிக்கையைப் பலூன் பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம். கூரையைத் தொட்டு நிற்கும் காஸ் பலூனில் வேறு வகை விபரீதம் இருக்கிறது. இந்தியாவுக்கு ஹீலியம் இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். காஸ்டிக் சோடாவையும் அலுமினியத்தையும் சேர்த்துச் சுலபமாக ஹைட்ரஜன் தயாரித்துவிடலாம் என்பதால் தெருவோர சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஒரு பொறி பட்டால் தீப்பிழம்பு. கேக்கைச் சுற்றி அந்தப் பலூன்களைக் கொத்தாகக் கட்டிவைத்து, நடுவில் மெழுகுவர்த்தி கொளுத்தி, போதாக்குறைக்கு எளிதில் தீப்பற்றும் வாயுவால் பீய்ச்சப்படும் 'பனி' ஸ்பிரேயையும் அடிக்கிறார்கள். வாயால் ஊதிய பலூன் போதும். அது கூரைக்குப் போகாது, அவ்வளவுதான்.

மெழுகுவர்த்தியை ஊதுவதைப் பற்றிப் பாட்டிமார்களின் ஆட்சேபம் நல்ல நாளில் விளக்கை அணைக்கலாமா என்பது. விஞ்ஞானிகளின் ஆட்சேபம் வேறு. ஊதிய கேக்கின் மேற்பூச்சில் பாக்டீரியா சராசரியாக 1,400 சதவீதம் அதிகரிப்பதாக அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வு 2017இல் கண்டது. அதனால் நோய் பரவுகிறது என்று அது நிரூபிக்கவில்லை என்றாலும், சளி பிடித்த குழந்தைக்கு ஒரு கப் கேக்கில் தனியாக மெழுகுவர்த்தி குத்திக் கொடுப்பதில் நஷ்டமில்லை.

பாட்டிமார்களிடம் கைவசம் வேறு வழிகளும் உண்டு. மராத்தி வீடுகளில் ஆரத்தித் தட்டில் சிறு விளக்கு, பாக்கு, தங்க மோதிரம் வைத்துக் குழந்தையின் முகத்தைச் சுற்றி எடுப்பார்கள். வங்காளி வீட்டில் அம்மா கையால் பாயசம், பெரியவர்களின் நெல்லும் அருகம்புல்லும். பார்சி வீட்டில் வாசலில் சுண்ணாம்புக் கோலம், காலைப் பலகாரத்துக்கு இனிப்புச் சேமியாவும் தயிரும். அநேகமாக எல்லாமே காலையில், குழந்தை தூங்கி எழுந்து வயிறு நிறைந்து நல்ல மனநிலையில் இருக்கும் நேரத்தில் முடிந்துவிடுபவை.

சாப்பாட்டில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு துண்டு கேக், சமோசா, ஒரு பிடி சிப்ஸ், ரஸ்னா என்ற பழைய காகிதத் தட்டை எந்தக் குழந்தையும் குறை சொன்னதில்லை. விருந்தாளிகளில் ஜெயின்கள் இருந்தால் கேக்கில் முட்டை இல்லாமலும் சமோசாவில் உருளைக்கிழங்கு இல்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாழைக்காய் இருக்கவே இருக்கிறது.

தட்டு மட்டும் நிஜமாகவே காகிதமாக இருக்கட்டும். 2022 ஜூலை 1 முதல் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களின் பட்டியலை யாரோ பார்ட்டி சாமான் சீட்டைப் பார்த்து எழுதியது போலிருக்கும்: பலூன் குச்சி, மிட்டாய்க் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, அலங்காரத் தெர்மோகோல், தட்டு, டம்ளர், ஸ்பூன், ஸ்ட்ரா, இனிப்புப் பெட்டி மேல் சுற்றும் தாள், 100 மைக்ரானுக்கும் மெல்லிய பிவிசி பேனர். இத்தனையும் இன்னமும் சந்தையில் கேட்டால் கிடைக்கின்றன என்பது வேறு கதை.

கடைசித் தலைவலி ரிட்டர்ன் கிஃப்ட். முதலில் பென்சிலும் ரப்பருமாகத்தான் ஆரம்பித்தது. பிறகு மூன்றாவது மாடிக்காரர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். ஐந்தாவது மாடிக்காரர் பள்ளிக்கூடப் பையே கொடுத்தார். ஏழாவது மாடிக்காரருக்கு மாதக் கடைசியில் பிறந்த நாள் வந்தால் அவர் என்ன செய்வார் என்று யாரும் யோசிப்பதில்லை. வருபவர்கள் குறைந்தால் இதன் செலவும் தானாகக் குறையும். ஒரு படப் புத்தகமோ ஒரு பெட்டி கிரேயானோ போதும்.

வந்த பரிசுகளின் கதியும் குழந்தைக்குப் புரியாத ஒன்று. மறுநாளே ஐந்தாறைப் பிரிக்காமல் பரண் மேல் ஏற்றிவிடுகிறார்கள், அடுத்தடுத்த பார்ட்டிகளுக்கு எடுத்துக்கொண்டு போக. அப்படிக் கட்டடத்தைச் சுற்றிவரும் ஒரு சமையல் செட்டோ கட்டட பிளாக் பெட்டியோ ஒரு வருடத்தில் முதலில் வாங்கிய வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவதும் உண்டு, உள்பக்கம் ஒட்டிய பழைய பெயர்ச் சீட்டோடு.