அஞ்சு ரூபா பாக்கெட்டும் எங்க தோட்டத்துக் கொய்யாவும்

மூணாம் வகுப்பு படிக்கிற என் பேத்திக்கு தினமும் அஞ்சு ரூபா குடுப்பேன். சாயங்காலம் வரும்போது ஒண்ணு நாக்கு செவப்பா இருக்கும், இல்லேன்னா கையெல்லாம் மசாலாத் தூள். "ஏம்மா, நம்ம தோட்டத்துல கொய்யா கொட்டிக் கெடக்கே, அதை எடுத்துட்டுப் போனா என்ன?"ன்னு ஒருநாள் கேட்டேன். "அதான் வீட்லயே இருக்குல்ல தாத்தா. அப்புறம் காசு எதுக்குக் குடுத்தீங்க?"ன்னு கேட்டுட்டா. எனக்குப் பதில் வரலை.

டவுன்ல இருக்கிற உங்களுக்குப் பள்ளிக்கூட கேன்டீன்னு ஒண்ணு இருக்கும். எங்க தேவதானம் பக்கம் கேன்டீன்னா எதிர்த்தாப்புல இருக்கிற பெட்டிக்கடைதான். பள்ளிக்கூட வாசல்ல இருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, உப்பு, சர்க்கரை கூடுதலா உள்ள தின்பண்டம் விக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020லயே விதி போட்டிருக்கு. நல்ல விதிதான். ஆனா கிராமத்துல 50 மீட்டர்னா பள்ளிக்கூடம், கடை, பஸ் ஸ்டாப் எல்லாமே அதுக்குள்ள அடங்கிரும். கடை வச்சிருக்கிற அக்காவுக்கு அதை விட்டா வேற பொழப்பும் இல்லை. அபராதம் போட்டு அவங்களைத் தூக்கிட்டா சரியாப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் அந்தக் கடைத் தராசுலயே ஒரு சிப்ஸ் பாக்கெட்டை நிறுத்துப் பார்த்தேன். உள்ளே 12 கிராம். கணக்குப் போட்டா உருளைக்கிழங்கு கிலோ 400 ரூபாய்க்கு மேல போகுது! என் கொய்யா ராஜபாளையம் மார்க்கெட்டுக்குப் போயி, வண்டிக் கூலி, கமிஷன் போக கிலோவுக்கு 15 ரூபாதான் என் கைக்கு வந்துச்சு. வயித்தெரிச்சல் இருக்காதா, சொல்லுங்க.

அந்த வேகத்துல அக்காகிட்ட ரெண்டு கிலோ பழத்தைக் குடுத்தேன். "வச்சுப் பாப்போம்ணே"ன்னாங்க. ரெண்டு நாள் ஒரு பிள்ளையும் தொடலை. மூணாவது நாள், அழுகிறதுக்கு முன்னாடின்னு நறுக்கி, உப்பும் மொளகாப்பொடியும் தூவி, ரெண்டு கீத்து அஞ்சு ரூபான்னு காகிதத்துல வச்சாங்க. இன்டர்வெல் முடியிறதுக்குள்ள காலி. என் பேத்தியும் வாங்கித் தின்னிருக்கா, காசு குடுத்து, எங்க மரத்துப் பழத்தையே!

ஆனா அக்கா தொடர்ந்து செய்யலை. "வியாபாரத்தைப் பாக்கவா, கொய்யா நறுக்கவாண்ணே"ன்னு கேட்டாங்க. அது நியாயம். பாக்கெட்டு வேன்ல வந்து வாசல்லயே இறங்குது. சரம் சரமாத் தொங்க விட்டா மாசக்கணக்குல கெடாது. பழத்துக்கு ஈ மொய்க்கும், கத்தி கழுவணும், மிஞ்சுனா ஆட்டுக்குத்தான். பிள்ளைகளுக்கு ருசி கெட்டுப்போச்சுன்னு நாம பேசுறோம். எனக்கென்னவோ வாங்குறதுக்குத் தோதா ஒருத்தரும் விக்கலைங்கிறதுதான் பெரிய குறையாத் தெரியுது. நாங்க படிக்கும்போது இலந்தைப்பழம், கொடுக்காப்புளி தின்னது சத்துன்னு தெரிஞ்சா? வாசல்ல ஒரு பாட்டி கூறு போட்டு வித்தாங்க, தின்னோம். கலர் மிட்டாயும் வித்தாங்க, அதையும்தான் தின்னோம்.

2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம் அடுத்த வருஷமே தமிழ்நாடு முழுக்க அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு வந்துருச்சு. மத்தியானம் சாப்பாட்டோட முட்டையும் இருக்கு. இந்த ரெண்டு வேளையும் பிள்ளைக நல்லாத்தான் சாப்பிடுதுக. ஓட்டை இருக்கிறது நடுவுல வர்ற அந்த இன்டர்வெல்லதான். காலையில பொங்கல், கிச்சடி செய்யிறது மகளிர் குழுப் பெண்கள். அவங்களுக்கே பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரு மேசை போட்டுக் குடுத்து, நறுக்குன பழம், அவிச்ச கடலை, சுண்டல் அஞ்சு ரூபாய்க்கு விக்க விட்டா என்ன? பிள்ளைக்குக் காசு குடுத்து வாங்குன பெருமையும் இருக்கும். எங்களை மாதிரி ஆளுகளுக்கு தினம் ரெண்டு, மூணு கிலோ உள்ளூர்லயே போகும்.

அதுவரைக்கும், வீட்டுலயே நறுக்கி டப்பாவுல போட்டு அக்கா கடைக்குக் குடுக்கலாம்னு என் வீட்டம்மாகிட்ட கேட்டிருக்கேன். "மாடு கறக்கிறது யாரு?"ன்னு கேட்டாங்க. இன்னும் பேச்சுவார்த்தையிலதான் இருக்கு.