கம்பியை மாற்றுமுன் காரணம் கேளுங்கள்

"பியூஸ் போய்விட்டது." நம் வீடுகளில் இந்த இரண்டு சொற்களை எந்தக் குரலில் சொல்கிறோம் என்று கவனித்ததுண்டா? ஏதோ பியூஸ்தான் குற்றவாளி, அதுதான் நம்மை ஏமாற்றிவிட்டது என்பது போன்ற சலிப்பு அதில் இருக்கும். திருடனைக் கண்டு கூவிய காவற்காரனையே பிடித்துக் கட்டி வைப்பதற்கு ஒப்பானது இது. பியூஸ் கெட்டுப் போவதில்லை மாணவர்களே, அது தன் கடமையைச் செய்து முடிக்கிறது. வேறெங்கோ ஒன்று கெட்டிருக்கிறது என்று நமக்குச் சொல்லிவிட்டு உருகுகிறது. அந்தச் செய்தியைக் கேட்காமல் இன்னும் தடித்த கம்பியைச் சுற்றி அதன் வாயை அடைக்கிறோமே, அந்த வழக்கத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை.

ஆண்டுதோறும் கல்லூரிக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் பியூஸ் என்றால் என்ன என்று கேட்பேன். "மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சும்போது உருகி மின்சுற்றைத் துண்டிக்கும் கம்பி" என்று பிசகின்றிச் சொல்வார்கள். "உங்கள் வீட்டுப் பியூஸ் கட்டையில் எத்தனை ஆம்பியர் கம்பி இருக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. வகுப்பு அமைதியாகிவிடும்! பாடப்புத்தகத்து இலக்கணம் ஒருபுறம், வீட்டுச் சுவரில் இருக்கும் பொருள் மற்றொருபுறம். இரண்டும் சந்திப்பதே இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மின்னோட்டம் பாயும் கம்பியில் உண்டாகும் வெப்பம் அம்மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ஜூல் 1841-ல் வெளியிட்டார். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. வீட்டுப் பியூஸில் நாம் சுற்றுவது ஈயப்பூச்சு என்று கடையில் கேட்டு வாங்கும் வெள்ளீயம் பூசிய தாமிரக் கம்பி. 5 ஆம்பியருக்கு அதன் விட்டம் 0.2 மில்லிமீட்டர், 15 ஆம்பியருக்கு 0.5, 30 ஆம்பியருக்கு 0.85. கண்ணுக்கு இவற்றிடையே பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் விளைவு என்ன? 5 ஆம்பியருக்கென அமைத்த சுவர் ஒயரைக் காக்கும் இடத்தில் 30 ஆம்பியர் கம்பியைச் சுற்றினால், அந்த ஒயர் 30 ஆம்பியரைச் சுமந்தாலும் பியூஸ் வாய் திறக்காது. மின்னோட்டம் 6 மடங்கு. எனவே ஒயரில் உண்டாகும் வெப்பம் 36 மடங்கு! பியூஸ் உருகவில்லை என்று நாம் மகிழ்ந்திருக்க, சுவருக்குள் ஒயரின் பிளாஸ்டிக் உறை உருகிக் கொண்டிருக்கும். மெல்லிய கம்பி உருகினால் வீடு இருட்டாகும். அது உருக மறுத்தால் வீடே எரியக் கூடும்.

இனித் தொலைக்காட்சிப் பெட்டிக்கு வருவோம். கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவரில் திரை இருண்டு போனால் வீட்டிலுள்ளவர்களுக்கு விஞ்ஞானமெல்லாம் மறந்துவிடும். "கம்பியை நல்லா மொத்தமாச் சுத்து" என்ற ஆணை பிறக்கும். அந்த ஆணை எவ்வளவு பொருந்தாதது என்பதை ஒரு சிறு வகுத்தல் காட்டும். பழைய 21 அங்குல வண்ணப் பெட்டி ஏறத்தாழ 100 வாட் எடுத்துக் கொள்ளும். 100-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் 0.43 ஆம்பியர். இன்றைய 32 அங்குல எல்.ஈ.டி. பெட்டிக்கு அதில் பாதி போதும். வீட்டின் 5 ஆம்பியர் பியூஸ் தாங்கும் அளவில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே டி.வி.யைப் போட்டதும் வீட்டுப் பியூஸ் போனால், "டி.வி. அதிகக் கரண்டு இழுக்கிறது" என்ற விளக்கம் செல்லாது. எங்கோ குறுக்குச் சுற்று ஏற்பட்டிருக்க வேண்டும்; அல்லது அதே வழியில் இஸ்திரிப்பெட்டியும் மிக்சியும் சேர்ந்து ஓடியிருக்க வேண்டும். எது என்று கேட்பதுதான் அடுத்த வேலை. கம்பியைத் தடிப்பாக்குவது அன்று.

பெட்டிக்குள்ளும் ஒரு பியூஸ் உண்டு. விரல் நகத்தைவிடச் சற்று நீளமான கண்ணாடிக் குழாய். இரு முனையிலும் உலோகத் தொப்பி. தொப்பியில் அதன் ஆம்பியர் அளவு பொறித்திருக்கும். வண்ணப் படக்குழாய்ப் பெட்டிகளில் இருந்தது மெதுவாக உருகும் வகை. காரணம் சுவையானது. படக்குழாயின் உலோகத் திரையில் படிந்த காந்தத்தன்மையை நீக்க, பெட்டியைப் போட்டவுடன் ஒரு சுருளில் நொடிப்பொழுது பல ஆம்பியர் பாயும், பின்னர் அடங்கிவிடும். மெதுவாக உருகும் பியூஸ் அந்தக் கணநேர ஓட்டத்தைப் பொறுத்துக் கொள்ளும், நீடித்தால் உருகும். இவ்வளவு கணக்கிட்டு அமைத்த பியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி ஓட்டியவர்கள் எத்தனை பேர்! பொறியாளரின் கணக்கை அந்தத் தாள் ஒரு நொடியில் அழித்துவிடுகிறது.

உருகிய கண்ணாடிப் பியூஸ் ஒரு சாட்சி. கண்ணாடி தெளிவாக இருந்து, உள்ளிருக்கும் கம்பி நடுவில் மட்டும் அறுந்திருந்தால், அளவை ஓரளவு மிஞ்சிய ஓட்டம் சிறிது நேரம் பாய்ந்தது என்றும், பழுதுகூட இல்லாமல் பியூஸ் மூப்படைந்திருக்கலாம் என்றும் கொள்ளலாம். கண்ணாடி கறுத்தோ, உட்புறம் வெள்ளிப் பூச்சுப் போல மின்னியோ இருந்தால், கம்பி உருகக்கூட நேரமின்றி ஆவியாகியிருக்கிறது; குறுக்குச் சுற்றின் அடையாளம் அது. மாறுதிசை மின்னோட்டத்தை நேராக்கும் நான்கு டயோடுகளில் ஒன்று, அல்லது அதை அடுத்துள்ள பெரிய மின்தேக்கி, அல்லது நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் ட்ரான்ஸிஸ்டர் தன் தடையை இழந்திருக்கும். அந்நிலையில் புதுப் பியூஸைப் போட்டால் அதுவும் அக்கணமே போகும். இதையும் நினைவில் வையுங்கள்: அறுந்த இணைப்பு பியூஸைப் போக்காது; சேரக் கூடாத இடத்தில் சேர்ந்த இணைப்புதான் போக்கும்.

சில வேளை குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்க மாட்டான். தெருவில் நான்கு வீட்டுப் பெட்டிகள் ஒரே நேரத்தில் அணைந்தன என்றால் என்ன பொருள்? மும்முனை மின்சாரம் வரும் தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வரவேண்டிய சில வீடுகளுக்கு 400 வோல்ட்டை நெருங்கிய அழுத்தம் வந்துவிடலாம். பல பெட்டிகளில் பியூஸை அடுத்து வாரிஸ்டர் என்னும் சிறு வட்டு இருக்கும். அழுத்தம் மிகும்போது அதன் தடை சட்டென்று விழும். பெருமின்னோட்டத்தைத் தன் வழியே இழுத்துப் பியூஸை உருக்கி, தானும் கருகும். அடுத்த வீட்டில் சென்று "உங்கள் வீட்டிலும் போயிற்றா?" என்று கேட்பதும் ஒரு விஞ்ஞான ஆய்வுதான்!

நல்ல பழுதுபார்ப்பவர் எப்படி வேலை செய்கிறார் என்று கடையில் நின்று கவனியுங்கள். அவர் புதுப் பியூஸைப் போட்டுப் போட்டுப் பார்க்க மாட்டார். பெட்டியுடன் தொடராக ஒரு 100 வாட் இழைக்குமிழ் விளக்கை இணைப்பார். எரியும்போது அந்த விளக்கின் தடை 529 ஓம். பெட்டிக்குள் முழுக் குறுக்குச் சுற்றே இருந்தாலும் 0.43 ஆம்பியருக்கு மேல் நிலைத்துப் பாய முடியாது, பியூஸ் பிழைக்கும். விளக்கு முழு ஒளியுடன் எரிந்துகொண்டே இருந்தால் குறுக்குச் சுற்று; பளிச்சிட்டு மங்கினால் பெட்டி பெரும்பாலும் நலம். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியும் தொடர் இணைப்பும் ஒரு சாதாரணக் குண்டு பல்பில் அடங்கியிருக்கின்றன. இதைச் செய்பவர் கல்லூரி வாசலை மிதிக்காதவராக இருக்கலாம். ஆனால் காரணத்தைத் தேடுவதால் அவர் விஞ்ஞானி. பட்டம் பெற்ற ஒருவர் தடித்த கம்பியைச் சுற்றினால் அவரை நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

"பிள்ளைகளிடம் மின்சாரத்தைப் பற்றி இப்படியெல்லாம் பேசலாமா?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெட்டியின் பின்மூடியைத் திறப்பது மாணவர் வேலையே அல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன். 230 வோல்ட்டை நேராக்கினால் மின்தேக்கி 325 வோல்ட் வரை ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னூட்டம் உள்ளே தங்கியிருக்கலாம். எல்.ஈ.டி. பெட்டிக்கும் இது பொருந்தும். வண்ணப் படக்குழாயிலோ ஏறத்தாழ 25,000 வோல்ட்! மற்றொன்று: பியூஸ் இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதீர்கள். பியூஸ் உருக ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் வேண்டும். மனித இதயத்தை நிறுத்த அதில் நூறில் சில பங்கு போதும். பியூஸ் காப்பது ஒயரையும் வீட்டையும், நம்மை அன்று. நம்மைக் காக்க, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் தனிக் கருவி இருக்கிறது. அது ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். ஆகவே கைகளைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், கேள்விகளைக் கட்டிவிடாதீர்கள். எப்போது போயிற்று? போட்டவுடனா, ஓடிக்கொண்டிருக்கையிலா? மின்னல் வெட்டியதா? விளக்குகள் திடீரெனப் பிரகாசித்தனவா? கருகிய வாடை வந்ததா? உடன் என்னென்ன ஓடின? இவற்றைக் குறித்துக்கொள்ளத் திருப்புளி தேவையில்லை. பழுதுபார்ப்பவரிடம் இந்தக் குறிப்பைக் கொடுத்தால் அவர் வேலையில் பாதி முடிந்துவிடும்.

இன்று புது வீடுகளில் பியூஸ் கட்டைக்குப் பதில் எம்.சி.பி. என்னும் தானியங்கி சுவிட்சு வந்துவிட்டது. கருவி மாறியது, பழக்கம் மாறவில்லை. அது விழுந்தால் தூக்கிவிடுகிறார்கள். மீண்டும் விழுந்தால் மீண்டும் தூக்குகிறார்கள். மூன்றாம் முறை "இது சரியில்லை, பெரிதாகப் போடு" என்கிறார்கள். 6 ஆம்பியருக்குப் பதில் 32 வந்து உட்காருகிறது. பழைய தடித்த கம்பியின் புது அவதாரம் இது!

இதற்குப் பள்ளிகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பௌதிகச் செய்முறை வகுப்பில் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஓர் உருகிய கண்ணாடிப் பியூஸைக் கொடுங்கள். எந்தப் பழுதுபார்க்கும் கடையிலும் இனாமாகக் கிடைக்கும். "இது ஏன் உருகியது? உன் ஊகத்துக்கு ஆதாரம் என்ன?" என்று கேளுங்கள். இலக்கணத்தை ஒப்பிப்பதற்குத் தரும் மதிப்பெண்ணில் பாதியையாவது இதற்குத் தாருங்கள்.

மாணவர்களே, இன்று மாலை உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எதையும் தொட வேண்டாம். உங்கள் வீட்டுப் பியூஸ் கட்டையில் எத்தனை ஆம்பியர் கம்பி இருக்கிறது, எத்தனை இருக்க வேண்டும் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். விடை தெரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரியாத வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவது சரியல்ல.