யந்திரம் பொய் சொல்லாதாம்!

இங்கிலாந்து தேசத்துத் தபாலாபீசுகளில் பெரும்பாலானவற்றைச் சம்பளக்கார உத்தியோகஸ்தர்கள் நடத்துவதில்லை. கிராமத்திலோ சிறு பட்டணத்திலோ ஒரு கடைக்காரர் தன் கைமுதலைப் போட்டு, கடையின் ஒரு மூலையில் தபால் மேஜை வைத்து, ஸ்டாம்பு விற்று, வயோதிகர்களுக்குப் பென்ஷன் பட்டுவாடா செய்து, அதற்குக் கூலி பெற்றுக் கொள்ளுகிறார். சப்-போஸ்டுமாஸ்டர் என்று இவருக்குப் பெயர். ஊரில் நாணயஸ்தர் என்று பேர் வாங்கியவர்களே இவ்வேலைக்கு வருவது. இப்படிப்பட்டவர்களில் 900 பேருக்கு மேற்பட்டவர்கள் 1999 முதல் 2015 வரையில் திருடர்கள் என்றும், கணக்கு மோசடிக்காரர்கள் என்றும் கோர்ட்டுகளில் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு தேசத்துத் தபால் கடைக்காரர்கள் திடீரென்று ஒரே காலத்தில் திருடக் கற்றுக் கொண்டார்களா? ஒரு பள்ளிக்கூடப் பையனுக்குக்கூட இந்தக் கேள்வி தோன்றியிருக்கும். ஜட்ஜுகளுக்குத் தோன்றவில்லை; பட்டம் பெற்ற வக்கீல்களுக்குத் தோன்றவில்லை; தபால் கம்பெனியின் மேலதிகாரிகளுக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைப் பற்றியே நாம் எழுதப் புகுகின்றோம்.

1999-இல் இத்தபாலாபீசுகளுக்கு ஹொரைசன் என்னும் கம்ப்யூட்டர் கணக்கு முறை வரத் தொடங்கிற்று. அதைச் செய்து கொடுத்து நடத்தி வந்தது ஃபுஜிட்சு கம்பெனி. அது வந்ததிலிருந்து பெட்டியில் உள்ள பணத்துக்கும் திரையில் தெரிந்த கணக்குக்கும் பல இடங்களில் பொருத்தமில்லாமல் போயிற்று. இது எப்படி நேரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்லுவோம். ஸ்காத்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில் 2015-இல் ஒரு அம்மாள் 8,000 பவுனை ஒரு தபால் மேஜையிலிருந்து மற்றொரு தபால் மேஜைக்கு மாற்றிப் பதியப் போனார். பொத்தானை அமுக்கினார், திரை நகரவில்லை. மறுபடியும் மறுபடியும் அமுக்கினார். யந்திரம் ஒவ்வொரு அமுக்கையும் ஒவ்வொரு 8,000 பவுனாக எண்ணிக் கொண்டு, 32,000 பவுன் என்று பதிந்து விட்டது! இல்லாத 24,000 பவுனுக்கு அந்த அம்மாள் எங்கே போவது? ஃபால்கர்க் பட்டணத்தில் கண்ட வேறொரு கோளாறு உண்டு; இன்னும் பல உண்டு. அவற்றின் பெயர்களை அடுக்கி வாசகர்களைச் சலிப்படையச் செய்ய நாம் விரும்பவில்லை.

யந்திரத்துக்குக் கோளாறு வருவது அதிசயமல்ல. நாம் யந்திரத்துக்கு விரோதிகளும் அல்ல. மனிதன் தன் அறிவினால் செய்த எந்தச் சாமானையும் அதே அறிவினால் சோதிக்கவும், திருத்தவும், குப்பையில் போடவும் பாத்தியமுண்டு என்பதே விஞ்ஞானம். ஆனால் அந்தத் தபால் நிர்வாகம் செய்தது என்ன? பணம் குறைகிறது என்று உதவிக்குக் கூப்பிட்டவர்களில் எத்தனையோ பேருக்கு, "வேறு யாருக்கும் இப்படி வரவில்லையே, உமக்கு மாத்திரம்தான் வருகிறது" என்ற பதிலே கிடைத்தது. நூற்றுக்கணக்கான பேர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியே இதே பதிலைக் கேட்டுக் கொண்டு, தன்னிடமே ஏதோ தப்பு இருக்கின்றது என்று எண்ணி, நகையை விற்றும், வீட்டை அடகு வைத்தும், சொந்தக்காரரிடம் கடன் வாங்கியும் அந்தப் பள்ளத்தை நிரப்பினார்கள். ஒப்பந்தப்படி குறைவுக்குக் கடைக்காரரே ஜவாப்தாரி என்று மிரட்டினார்கள்.

"அவர்களில் பலர் குற்றத்தை ஒப்புக் கொண்டார்களே!" என்று சில மேதாவிகள் அந்நாளில் பேசினார்கள். எப்படி ஒப்புக் கொண்டார்கள் என்று பார்ப்போம். தவணை முடிந்ததும் கணக்கு சரியாயிருக்கின்றது என்று ஒப்பினால்தான் மறுநாள் வியாபாரம் நடக்கும். கையில் பணமில்லாதவர் என்ன செய்வார்? சரி என்று ஒப்பி விட்டுக் கடையைத் திறப்பார். உடனே பொய்க் கணக்கு எழுதிய குற்றம் வந்து விட்டது! பிறகு அவரைக் கூப்பிட்டு, "திருட்டுக் குற்றம் சாட்டினால் ஜெயில்; பொய்க் கணக்கை ஒப்புக் கொண்டால் திருட்டை விட்டு விடுகிறோம்" என்று பேரம் பேசுவது. சில வழக்குகளில், ஹொரைசன் மீது ஒரு வார்த்தையும் குறை சொல்லக் கூடாது என்ற நிபந்தனையும் போட்டார்கள். யந்திரம் குற்றமற்றதானால் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று வாயைக் கட்டுவானேன் என்று கேட்கின்றோம்.

இந்த வழக்குகளில் சுமார் 700-ஐத் தொடர்ந்தது போலீசும் அல்ல, சர்க்கார் வக்கீலும் அல்ல; அந்தத் தபால் நிர்வாகமேயாகும். பணம் போயிற்று என்று பிராது சொல்லுவதும் அதுவே, துப்பு விசாரிப்பதும் அதுவே, கோர்ட்டில் வழக்கு நடத்துவதும் அதுவே. மேலும் அந்தத் துப்பறியும் இலாகா உபயோகித்த ஒரு தஸ்தாவேஜு 2023-இல் வெளிவந்தது. அதில், சந்தேகப்பட்டவர்களை நீக்ரோ இனத்தார், இந்தியர்-பாகிஸ்தானியர், சீனர்-ஜப்பானியர் என்று பிறவியை வைத்துப் பிரித்துக் குறிக்கும்படி கண்டிருக்கின்றது! கணக்கில் பணம் குறைவதற்கும் ஒருவன் எந்த இனத்தில் பிறந்தான் என்பதற்கும் என்ன சம்பந்தம்? பிறவியைக் கொண்டு மனிதனை அளக்கும் புத்தி நம் தேசத்துக்கு மாத்திரம் சொந்தமல்ல என்று தெரிகின்றது. அதற்காக நாம் பெருமைப்பட இடமில்லை.

கோர்ட்டுகளாவது விழித்துக் கொண்டிருந்தனவா? 1984-ஆம் வருஷத்துச் சட்டமொன்று, கம்ப்யூட்டர் காகிதத்தைச் சாட்சியமாகக் கொண்டு வருகிறவன் அந்தக் கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்று ருசுப்படுத்த வேண்டும் என்றது. 1999-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் அதை எடுத்து விட்டார்கள். அதன் பிறகு, கம்ப்யூட்டர் சரியாகவே வேலை செய்தது என்பது அனுமானம். அது தப்பு என்று காட்டுகிற பாரம் எதிரியின் தலையில். ஹொரைசன் வந்த அதே வருஷத்தில்! ஆனால் யந்திரத்தின் உள்ளே என்ன நடந்தது என்ற தஸ்தாவேஜுகள் எல்லாம் யாரிடம் இருந்தன? வழக்குப் போட்டவனிடமும் யந்திரம் செய்தவனிடமும். நம் கிராமங்களில் வெற்றிலையில் மை போட்டுப் பார்த்துத் திருடனைச் சொல்லுகிற மந்திரவாதியிடம், "மை பொய் சொல்லுகிறது என்பதை நீயே ருசுப்படுத்து" என்று திருடனாக்கப்பட்டவனுக்குச் சொல்லுவதற்கும் இதற்கும் வித்தியாசம் கண்டு சொல்லுகிறவர்கள் சொல்லட்டும்.

யார்க்ஷையரில் பிரிட்லிங்டன் ஊர்த் தபால்காரர் ஒருவர் உதவிக்காக 91 தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பயனில்லை. சுமார் 26,000 பவுனுக்குச் சிவில் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டு, வக்கீல் வைக்கப் பணமின்றித் தானே வாதாடி 2007-இல் தோற்றார். எதிர்க்கட்சியின் செலவு 3,21,000 பவுன் அவர் தலையில் விழுந்தது; இன்சால்வெண்டு ஆனார். 2010-இல் ஒரு கர்ப்பிணியை, அவளுடைய மகனின் பத்தாவது பிறந்த நாளன்று, பதினைந்து மாத ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அவள் குற்றவாளி என்று தீர்ப்பான சமயத்தில் தபால் நிர்வாகத்து வக்கீல், ஹொரைசன் மீது வந்த தாக்குதல் முறியடிக்கப்பட்டது, இனி மற்றவர்கள் இந்த வாதத்தைக் கிளப்பத் துணிய மாட்டார்கள் என்ற கருத்தில் ஆனந்தமாகக் கடிதம் எழுதினார். இந்தத் தண்டனை 2021-இல் ரத்தாயிற்று. ஜெயிலில் கழிந்த நாட்களை எந்த அப்பீல் கோர்ட்டு திருப்பித் தரும்?

தெரியாமல் செய்தார்கள் என்றாவது மன்னிக்கலாமா? கடைக்காரருக்குத் தெரியாமல் அவர் கணக்கில் வெளியிலிருந்து கை வைக்க முடியாது என்று வருஷக்கணக்காகச் சாதித்தார்கள். ஃபுஜிட்சுக்காரர்களால் முடியும் என்பது பின்னால் ருசுவாயிற்று. வழக்குகளில் சாட்சி சொன்ன ஃபுஜிட்சு நிபுணர் தனக்குத் தெரிந்த கோளாறுகளைச் சொல்லவில்லை, அவர் சாட்சியத்தை நம்பக் கூடாது என்று 2013-இல் தபால் நிர்வாகத்தின் வக்கீலே எழுத்து மூலமாக எச்சரித்தார். அப்புறமும் ஜெயிலுக்குப் போய் வந்தவர்களுக்கு உண்மையைச் சொல்லவில்லை. அதே காலத்தில் பணம் கொடுத்து அமர்த்திய தணிக்கைக்காரர்கள் குறை கண்டதும் 2015-இல் அவர்களை நீக்கி விட்டார்கள். 2012 முதல் 2019 வரை தலைமை வகித்த பாலா வெனல்ஸ் அம்மையாருக்கு 2019-இல் சர்க்கார் சி.பி.இ. பட்டமும் கொடுத்தது. அந்த அம்மையார் கிறிஸ்தவ மதகுருவாகவும் அபிஷேகம் பெற்றவர் என்பதை மாத்திரம் சொல்லி வைக்கின்றோம்.

இந்த அக்கிரமம் தானாக வெளியில் வரவில்லை. வேல்ஸ் தேசத்தில் லாண்டுட்னோவில் கடை வைத்திருந்த ஆலன் பேட்ஸ், குறைவுக்குத் தான் ஜவாப்தாரியல்ல என்று மறுத்ததற்காக 2003-இல் வெளியேற்றப்பட்டவர். 2009-இல் ஒரு பத்திரிகை ஏழு பேருடைய கதையை வெளியிட்டது. அதே வருஷம் பேட்ஸ் முதலியோர் சங்கம் கூட்டினார்கள். "உமக்கு மாத்திரம்தான்" என்ற பொய் ஒரே நாளில் செத்தது. 555 பேர் சேர்ந்து தாவா செய்தார்கள். விசாரணை நடுவில் ஜட்ஜு பட்சபாதம் உள்ளவர் என்று சொல்லி அவரையே விலக்கப் பார்த்தது தபால் நிர்வாகம்; முடியவில்லை. 2019 டிசம்பரில் ஜட்ஜு ஃப்ரேசர், தபால் நிர்வாகத்தின் மறுப்பு இந்த நூற்றாண்டில் பூமி தட்டை என்று சாதிப்பதற்குச் சமானம் என்ற கருத்துப்பட எழுதினார். அதிலும் வேடிக்கை பாருங்கள்! ராஜியில் கிடைத்த 5 கோடியே 77½ லட்சம் பவுனில் வழக்குச் செலவு போக, கடைக்காரர்களுக்கு மிஞ்சியது சுமார் 1 கோடியே 20 லட்சமே.

2021 ஏப்ரலில் 39 பேருடைய தண்டனையை அப்பீல் கோர்ட்டு தள்ளியது. மற்றவர்கள் காத்துக் கிடந்தார்கள். 2024 ஜனவரியில் இக்கதை டெலிவிஷனில் நாடகமாக வந்து ஜனங்கள் கொதித்தெழுந்த பிறகே மந்திரிகளுக்கு அவசரம் உண்டாயிற்று. அவ்வருஷம் மே மாதத்திலேயே சட்டம் செய்து தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்தார்கள். ஐந்து மாதத்தில் முடிகிற காரியத்துக்கு எத்தனை வருஷம் பிடித்தது! வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் வந்தது. இதன் காரணமாகக் குறைந்தது 13 பேராவது தற்கொலை செய்து கொண்டிருக்கலாம் என்று அதில் கண்டிருக்கின்றது. அந்த அறிக்கை வந்த நாள் வரையிலும் மேலதிகாரி ஒருவர் மீதாவது குற்றம் சாட்டப்படவில்லை. கடைக்காரன் கணக்கில் சில நூறு பவுன் குறைந்தால் உடனே பாய்ந்த சட்டம் இது!

கம்ப்யூட்டர் சரியாகத்தான் இருக்கும் என்கிற அந்த அனுமானத்தை மாற்றலாமா என்று 2025 ஜனவரியில்தான் சர்க்கார் அபிப்பிராயம் கேட்கத் தொடங்கிற்று. இதற்கு இன்னும் யாருடைய அபிப்பிராயம் வேண்டுமாம்? தண்டனையடைந்த 900 பேருடைய வழக்குக் கட்டுகள் அவர்கள் கோர்ட்டுகளிலேயே கிடக்கின்றனவே.